பாசிட்டிவ் என்றால் நோய் உறுதியா? பரிசோதனை முடிவைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயுள்ள நூறு பேரைச் சோதித்தால் 90 பேரைச் சரியாகப் பிடித்துவிடும் ஒரு பரிசோதனை. அதில் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்று வருகிறது. அவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? சட்டென்று வரும் பதில், 90 சதவீதம். அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள்.

இங்கே கேள்வியே மாறிப்போய்விடுகிறது. நோய் உள்ளவர்களில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் வரும் என்பது ஒரு கேள்வி. பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் இருக்கும் என்பது வேறு கேள்வி. அந்த 90 சதவீதம் முதல் கேள்விக்கான விடை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு வேண்டியதோ இரண்டாவது. மழை பெய்தால் வாசல் நனையும். வாசல் நனைந்திருப்பதை வைத்து மழை பெய்தது என்று சொல்லிவிட முடியுமா?

சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தலைகளை எண்ணிப் பாருங்கள். எந்த அறிகுறியும் இல்லாத 10,000 பேர் சோதனைக்கு வருகிறார்கள். நூற்றில் ஒருவருக்கு நோய் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 100 பேருக்கு நோய், 9,900 பேருக்கு இல்லை. அந்த 100 பேரில் 90 பேருக்குப் பாசிட்டிவ் வரும், 10 பேர் விட்டுப்போவார்கள். நோயில்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்றால், அது 495 பேர். சரி, இப்போது பாசிட்டிவ் வந்தவர்களை மட்டும் தனியாக நிறுத்துங்கள். மொத்தம் 585 பேர். அவர்களில் உண்மையிலேயே நோயுள்ளவர்கள் 90 பேர்தான். சுமார் 15 சதவீதம்.

படித்தவர்களும் இதில் சறுக்குகிறார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய், 5 சதவீதத் தவறான பாசிட்டிவ் என்று வைத்து, ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சார்ந்த மருத்துவமனைகளில் 60 மருத்துவர்களிடமும் மாணவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள். முடிவு 1978இல் வெளியானது. சரியான விடை சுமார் 2 சதவீதம். அதைச் சொன்னவர்கள் 11 பேர். அதிகம் பேர் சொன்ன விடை 95. அதனால் உங்களுக்குக் குழப்பம் வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

யாரைச் சோதிக்கிறோம் என்பதை மறப்பது அடுத்த தவறு. அதே பரிசோதனை, ஆனால் வந்திருப்பவர்கள் அறிகுறியோடு வந்தவர்கள். நூற்றில் 30 பேருக்கு நோய் இருக்கிறது. மறுபடி 10,000 பேரை எண்ணினால், 2,700 சரியான பாசிட்டிவ், 350 தவறான பாசிட்டிவ். வாய்ப்பு 15இலிருந்து 89 சதவீதத்தை ஒட்டி ஏறிவிடுகிறது. கருவி மாறவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த பாசிட்டிவை வைத்து உங்கள் பாசிட்டிவை எடைபோடக் கூடாது என்பது இதனால்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "பாதிக்கு மேல் பொய்தானே" என்று ரிப்போர்ட்டை அலமாரியில் போட்டுவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நூற்றில் ஒன்றாக இருந்த வாய்ப்பு நூற்றில் 15 ஆகியிருக்கிறது. உறுதிப்படுத்தும் சோதனைக்குப் போக அது போதுமான காரணம். அந்த இரண்டாவது சோதனை வேறு முறையில் அமைவது நல்லது. உடம்பில் உள்ள ஏதோ ஒரு பொருள் முதல் சோதனையை ஏமாற்றியிருந்தால், அதே சோதனையைத் திரும்பச் செய்தாலும் அதே பொருள் மறுபடி ஏமாற்றும். அப்போது இரண்டு பாசிட்டிவை இரண்டு தனித்தனி சாட்சிகளாக எண்ண முடியாது. அதேபோல, விட்டுப்போன அந்த 10 பேரையும் நினைவில் வையுங்கள். நெகட்டிவ் வந்தும் தொந்தரவு தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் அதிக நாள் வாழலாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒருவர் 72 வயதில் இறக்கிறார். அறிகுறி வந்து 69இல் நோய் தெரிந்தால், தெரிந்தபின் 3 ஆண்டு வாழ்ந்தார் என்பார்கள். சோதனையில் 64இலேயே தெரிந்திருந்தால் 8 ஆண்டு. நோய் தெரிந்தபின் ஐந்தாண்டு தாண்டி வாழ்ந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கில் அவரும் சேர்ந்துவிட்டார், ஆனால் அவர் ஆயுளில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. இறப்பு விகிதம் குறைந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். தென்கொரியாவில் 1999க்குப் பிறகு தைராய்டு ஸ்கேன் பரவலானது. 2011இல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோயின் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறப்பு விகிதமோ அப்படியே இருந்தது. தொந்தரவே தந்திருக்காத சிறு கட்டிகளுக்காகப் பலர் தைராய்டை இழந்து, வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். எனக்கு இதில் மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

"அபாயம் இரட்டிப்பு" என்று செய்தி வந்தால், எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். 1995இல் பிரிட்டனில் சில கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டி அபாயம் இரட்டிப்பாகிறது என்ற எச்சரிக்கை வந்து, பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். 7,000 பேரில் ஒருவர் என்பது இருவர் ஆனதுதான் அந்த இரட்டிப்பு.

கடைசியாக, முழு உடல் பரிசோதனை. பல சோதனைகளில் நார்மல் அளவு என்பது ஆரோக்கியமானவர்களில் நடுவில் உள்ள 95 சதவீதம் பேரின் அளவு. அப்படியானால் நல்ல உடல்நிலையில் இருப்பவர்களிலும் இருபதில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியே விழுவார். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், முற்றிலும் ஆரோக்கியமான ஒருவருக்கு ஏதாவது ஒன்றாவது எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு உண்டு. ரிப்போர்ட்டில் ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஓர் அம்புக்குறியோடு நிற்கும். அதைப் பார்த்ததும் இணையத்தில் தேட உட்காராதீர்கள். எல்லையை எவ்வளவு தாண்டியிருக்கிறது, போன முறை எவ்வளவு இருந்தது, உடம்பில் தொந்தரவு ஏதும் உண்டா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.