சி.ஆர்.எம்.மையும் பில்லிங்கையும் உடனுக்குடன் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் கடையில் ஆர்டர் பிடிப்பவர் கையில் போனும் அதில் வாடிக்கையாளர் விவரமும் ஆர்டரும் பதியும் ஒரு சி.ஆர்.எம். செயலியும் இருக்கும். பில் போடுபவர் முன்னால் பில்லிங்குக்கும் கணக்குக்குமான டேலி மென்பொருள் திறந்திருக்கும். வெளியூர் போன சேல்ஸ் ஆள், "இந்தப் பார்ட்டிக்குப் பாக்கி எவ்வளவு?" என்று கடைக்குப் போன் போட்டுக் கேட்பது நின்றால் போதும் என்றுதான் இந்த இணைப்பு வேலை பெரும்பாலும் தொடங்குகிறது. லீ பஜார் மண்டிக்காரருக்கும், ஜவ்வரிசி வியாபாரிக்கும், ஏற்காட்டில் காபி வறுத்து நேரடியாக விற்கும் எஸ்டேட்டுக்கும் தேவை இதேதான்.

இணைப்பு மெதுவாக இருப்பதால் கெட்டுப்போவது குறைவு. எந்தத் தகவலுக்கு எந்தப் பக்கம் சொல்வது செல்லும் என்று முடிவு செய்யாமலே இணைத்துவிடுவதால்தான் அதிகம் கெடுகிறது. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் அதன் கிளைகள்.

எல்லாமே அந்த நொடியே வேண்டும் என்று கேட்பது

பார்ட்டியின் பாக்கி, கடன் வரம்பு, வந்து சேர்ந்த பணம் ஆகிய மூன்றும் உடனுக்குடன் தெரிய வேண்டும். கையிருப்பை வைத்து ஆர்டர் எடுப்பவர்களுக்கு சரக்கு இருப்பும் வேண்டும். முகவரி, வாடிக்கையாளர் வகை, சந்திப்புக் குறிப்பு எல்லாம் மணிக்கு ஒருமுறை போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

டேலி தானாகவே தகவலை வெளியே தள்ளாது. அதற்கென நிரல் எழுதிச் சேர்த்தால்தான் உண்டு. மற்றபடி நாம்தான் எக்ஸ்எம்எல் என்ற தகவல் வடிவில் கேட்க வேண்டும். கேட்பதற்கான வாசல், அதாவது வழக்கமான போர்ட், 9000. கேட்கும் நேரத்தில் அந்தக் கம்பெனி டேலியில் திறந்திருக்க வேண்டும். பத்து நொடிக்கு ஒருமுறை லெட்ஜர் (ஒவ்வொரு பார்ட்டியின் கணக்கு) பட்டியல் முழுவதையும் கேட்டால், பில் போடுபவரின் திரை அடிக்கடி நின்று நின்று நகரும். மறுநாளே அவர் இணைப்பை நிறுத்தச் சொல்வார். அவர் மேல் தவறில்லை.

ஒவ்வொரு லெட்ஜருக்கும், பில், ரசீது போன்ற ஒவ்வொரு வவுச்சருக்கும் டேலி ஒரு ஆல்டர் ஐடி வைத்திருக்கிறது. பதிவில் மாற்றம் செய்யும்போதெல்லாம் அந்த எண் ஏறும். கடைசியாகப் பார்த்த எண்ணைக் குறித்துவைத்து, அதைவிடப் பெரியதை மட்டும் கேளுங்கள். முப்பது நொடியிலிருந்து ஒரு நிமிட இடைவெளி போதும். இதில் ஒரு ஓட்டை உண்டு: அழிக்கப்பட்ட வவுச்சர் இந்தப் பட்டியலில் வராது. அதைக் கடைசியில் சொல்லும் ஒப்பீட்டில்தான் பிடிக்க வேண்டும்.

கடன் வரம்பு மட்டும் தனி. ஆர்டரை உறுதி செய்யும் அந்தக் கணத்தில், சி.ஆர்.எம்.மில் நகலெடுத்து வைத்த பாக்கியை நம்பாமல் பில்லிங்கையே நேராகக் கேட்க வேண்டும். மூன்று நொடிக்குள் பதில் வராவிட்டால் ஆர்டரை மறுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். "சரிபார்க்க வேண்டியது" என்ற நிலையில் நிறுத்திவையுங்கள்.

இரண்டு பக்கமும் எழுத விடுவது

தொலைபேசி எண், தொடர்பு ஆள், டெலிவரி முகவரி போன்றவை சி.ஆர்.எம்.முக்குச் சொந்தம். ஜி.எஸ்.டி. எண், பில் முகவரி, வரி விகிதம், பாக்கி, பில் எண் பில்லிங்குக்குச் சொந்தம். சொந்தமில்லாத பக்கத்தில் அந்தக் கட்டம் படிக்க மட்டும் திறந்திருக்க வேண்டும், திருத்த வழி இருக்கக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி, அக்கவுண்டன்டும் சேல்ஸ் பொறுப்பாளரும் ஒப்புக்கொண்ட பிறகு நிரல் எழுதத் தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எழுதாமல் விட்டால் எதிரொலிச் சிக்கல் வரும். சி.ஆர்.எம்.மில் எண்ணை மாற்றியதும் பில்லிங்குக்குப் போகிறது. பில்லிங்கில் மாற்றம் நடந்ததாக அது சி.ஆர்.எம்.முக்குத் திரும்புகிறது. அங்கே மறுபடி மாற்றம். இரவு முழுக்க இப்படியே சுற்றினால் விடிவதற்குள் சி.ஆர்.எம். அனுமதிக்கும் ஏபிஐ அழைப்பு (நிரல் வழியாகத் தகவல் கேட்பது) வரம்பு தீர்ந்துவிடும். இணைப்பே செய்த மாற்றத்துக்கு ஒரு அடையாளம் இடுங்கள். புதிய மதிப்பும் பழைய மதிப்பும் ஒன்றாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

வெள்ளிக்காரர்களுக்கு இன்னொன்று. பட்டறைக் கணக்கில் பாக்கி ஒன்றல்ல, இரண்டு: வெள்ளி கிராமில், கூலி ரூபாயில். 1,000 கிராம் கொலுசு 70 டச் (நூற்றுக்கு 70 பங்கு சுத்த வெள்ளி) என்றால் வரவாவது 700 கிராம் சுத்த வெள்ளி. சி.ஆர்.எம்.மில் "நிலுவை" என்று ஒரே ஒரு ரூபாய்க் கட்டத்தை வைத்து, வெள்ளியை அன்றைய விலையில் பெருக்கிப் போட்டால், விலை ஏறும் ஒவ்வொரு நாளும் பார்ட்டி புதிதாகக் கடன் வாங்கியது போலத் தெரியும். இரண்டு கட்டம் வையுங்கள். கிராமுக்கு மூன்று தசம இடம் வேண்டும்.

பெயரை வைத்துப் பார்ட்டியைப் பொருத்துவது

எக்ஸ்எம்எல் வழியாக வரும் வவுச்சரில் டேலி பார்ட்டியை லெட்ஜர் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் வவுச்சர் ஏறாது. "லெட்ஜர் இல்லாவிட்டால் புதிதாக உண்டாக்கு" என்று யாராவது வசதிக்கு எழுதிவைத்திருந்தால் இன்னும் மோசம்: ஒரே பார்ட்டிக்கு இரண்டு லெட்ஜர், பாக்கி இரண்டாகப் பிரிந்து கிடக்கும். சேலத்தில் தெய்வப் பெயர் தாங்கிய கடைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு இதன் ஆபத்து புரியும்.

ஜி.எஸ்.டி. எண்ணை வைத்துப் பொருத்தலாமே என்றால், அதுவும் முழுதாகக் கைகொடுக்காது. 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண். ஒரே நிறுவனத்துக்குக் கர்நாடகத்தில் 29இல் தொடங்கும் வேறொரு எண் இருக்கும். ஒரே எண்ணின் கீழ் நான்கு குடோனும் இருக்கலாம். பதிவு செய்யாத சின்னக் கடைக்காரருக்கு எண்ணே இருக்காது. தொலைபேசி எண் அண்ணன் தம்பிக்குள் பொதுவாக இருக்கும்.

சி.ஆர்.எம்.மின் உள் எண்ணையும் டேலி லெட்ஜரின் ஜி.யூ.ஐ.டி.யையும் (பெயர் மாறினாலும் மாறாத உள் அடையாள எண்) பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் தனி இணைப்புப் பட்டியல் ஒன்றுதான் உறுதியான வழி. முதல் பொருத்தத்தைக் கணினி பரிந்துரைக்கட்டும். அக்கவுண்டன்ட் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்புதல் தரட்டும். அனுப்பும் முன் அந்த ஜி.யூ.ஐ.டி.க்கு டேலியில் இப்போது உள்ள பெயரை எடுத்து வவுச்சரில் வையுங்கள். அப்போது லெட்ஜர் பெயரை யார் மாற்றினாலும் கவலையில்லை.

சின்ன விஷயம், ஆனால் எல்லா இடத்திலும் கடிக்கும்: "அண்ட் கோ" என்பதற்குப் போடும் & குறியை அப்படியே எக்ஸ்எம்எல்லில் வைத்தால் கோப்பே உடைந்துவிடும். அதற்குரிய மாற்றுக் குறியீடாக்கி அனுப்ப வேண்டும்.

ஆர்டர் உறுதியானதும் பில்லைப் போட்டுவிடுவது

இதுதான் விலை உயர்ந்த தவறு. சி.ஆர்.எம்.மில் டீல் "வெற்றி" என்று மாறியதும் இன்வாய்ஸ் தானாக உருவாகும்படி வைப்பது விளக்கப் படத்தில் அழகாக இருக்கும். கொலுசு வியாபாரத்தில் ஆர்டரில் எழுதுவது உத்தேச எடை. தராசில் ஏறும்போதுதான் உண்மையான எடை தெரியும். விலையும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஜவ்வரிசியில் ஆர்டர் மூட்டைக் கணக்கில் வரும், பில் கிலோவில் போகும். 90 கிலோ மூட்டை என்று சி.ஆர்.எம். நினைக்க, லாரியில் ஏறியது வேறு அளவு மூட்டையாக இருக்கலாம்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். வியாபாரிக்கு வியாபாரி போடும் பில் அரசு இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் பதிவாகி 64 எழுத்துள்ள ஐ.ஆர்.என். என்ற பதிவு எண் வாங்கிவிட்டால், அதை அங்கே ரத்து செய்ய 24 மணி நேரம்தான். அதற்குப் பிறகு பெரும்பாலும் கிரெடிட் நோட்தான் வழி. ரத்து செய்த பில்லின் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. அவசரத்தில் தானாக விழுந்த பில்களை சனிக்கிழமை இரவு கவனிக்காமல் விட்டு, திங்கட்கிழமை பார்த்தால் ரத்துக்கான நேரம் கடந்திருக்கும்.

எனவே சி.ஆர்.எம்.மிலிருந்து போக வேண்டியது சேல்ஸ் ஆர்டர் வவுச்சர் மட்டும். எடை போட்டு, அந்த நேர விலையை உறுதி செய்து, அதை இன்வாய்ஸாக மாற்றுவது பில் போடுபவரின் வேலை. மாற்றிய பிறகு இன்வாய்ஸ் எண்ணும் தொகையும் சி.ஆர்.எம்.முக்குத் திரும்பட்டும். அதற்காக ஆர்டரை நாள்கணக்கில் தூங்க விடவும் கூடாது: விற்றுமுதல் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போர்ட்டலில் பதிய வேண்டும் என்பது 2025 ஏப்ரல் 1 முதல் விதி. அதனால் சரக்குக் கிளம்பும் நாளும் பில் தேதியும் ஒன்றாக இருப்பது நல்லது.

பில் எண்ணை ஒரே பக்கம்தான் கொடுக்க வேண்டும், அது பில்லிங். ஜி.எஸ்.டி. விதிப்படி எண் 16 எழுத்துக்கு மிகக் கூடாது. எழுத்து, இலக்கம், சிறு கோடு, சாய்வுக் கோடு மட்டும் வரலாம். நிதியாண்டுக்குள் வரிசையாகவும் தனித்தும் இருக்க வேண்டும். கிளைப் பெயர், ஆண்டு, மாதம், சேல்ஸ் ஆளின் முதலெழுத்து என்று சி.ஆர்.எம். கோத்துத் தரும் நீள எண் இதில் அடங்காது.

ஒரே பதிவு இருமுறை ஏறுவது

நெட் அறுந்தால் நடப்பது இது: ஆர்டர் டேலியில் ஏறிவிட்டது, "ஏறியது" என்ற பதில் மட்டும் வந்து சேரவில்லை. இணைப்பு மறுபடி அனுப்புகிறது. இரண்டு ஆர்டர். சி.ஆர்.எம்.மும், ஆன்லைனில் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வேயும் ஏதாவது நடந்ததும் தானாக அனுப்பும் செய்தியான வெப்ஹூக்கும் ஒரு முறைக்கு மேல் வரலாம், வரிசை மாறியும் வரலாம். இது கோளாறு அல்ல, அவை வேலை செய்யும் முறையே அதுதான்.

ஒவ்வொரு வவுச்சருடனும் சி.ஆர்.எம்.மின் ஆர்டர் எண்ணிலிருந்து உருவாக்கிய ரிமோட் ஐடி ஒன்றை அனுப்புங்கள். அதே ஐடி மறுபடி வந்தால் டேலி புதிதாகப் போடாமல், ஏற்கெனவே உள்ள பதிவைத் திருத்தும். வெப்ஹூக் வந்தவுடன் அதன் கையொப்பத்தைச் சரிபார்த்து, நிகழ்வு எண்ணோடு வரிசையில் எழுதிவைத்து, உடனே 200 ("வந்து சேர்ந்தது" என்பதற்கான குறியீடு) என்று பதில் சொல்லிவிட வேண்டும். டேலிக்குப் போய் வந்து பிறகு பதில் சொல்லலாம் என்று காத்திருந்தால் அனுப்பியவர் தோல்வி என்று எண்ணி மறுபடி அனுப்புவார்.

டேலியின் 200 பதிலை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். உள்ளே எத்தனை உருவானது, எத்தனை திருத்தப்பட்டது, எத்தனை பிழை என்று எண்ணிக்கை இருக்கும். அதைப் படித்தே முடிவு செய்ய வேண்டும். பிழை வந்தால் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி என்று இடைவெளி விட்டு முயலட்டும். லெட்ஜர் இல்லை என்பது போன்ற பிழை எத்தனை முறை அனுப்பினாலும் தீராது. அதைத் தனிப் பட்டியலில் ஒதுக்கி, ஒரு குறிப்பிட்ட ஆளின் போனுக்குச் செய்தி போகச் செய்யுங்கள்.

பைசாவும் தேதியும்

ரேசர்பே போன்ற கேட்வேயில் தொகை பைசாவில் வரும். நூறால் வகுக்க மறந்தால் 5,000 ரூபாய் வரவு ஐந்து லட்சமாக ஏறும். வரியை எங்கே முழுமையாக்குவது என்பதும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லில் 1,017.50 ரூபாய் வீதம் மூன்று உருப்படி, மத்திய வரி 1.5 சதவீதம் என்று வையுங்கள். உருப்படிக்கு உருப்படி முழுமையாக்கினால் 15.26 மூன்று முறை, 45.78. மொத்தத்தில் கணக்கிட்டால் 45.79. மாநில வரியிலும் அதே ஒரு பைசா. சி.ஆர்.எம். கணக்கிடவே வேண்டாம், பில்லிங் சொன்ன தொகையை அப்படியே காட்டட்டும்.

வரி விகிதத்தை சி.ஆர்.எம்.மின் பொருள் பட்டியலில் நிரந்தரமாக எழுதிவைத்தவர்களுக்கு 2025 செப்டம்பர் 22 நல்ல பாடம். 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் அன்று இடம் மாறின. பழைய பில்லுக்குப் போடும் கிரெடிட் நோட் பழைய விகிதத்திலேயே போக வேண்டும் என்பதால், விகிதம் தேதியோடு சேர்ந்தே வர வேண்டும்.

சி.ஆர்.எம். சேவைகள் பல நேரத்தை உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் வைக்கும், நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். ஏப்ரல் 1 நள்ளிரவு 12.05க்குத் தானாக ஓடும் மாதாந்தரப் பில், யூ.டி.சி.யில் மார்ச் 31 மாலை 6.35. தேதியை மாற்றாமல் எடுத்தால் பில் போன நிதியாண்டில் போய் விழும், எண் வரிசையும் குழம்பும்.

போர்ட்டைத் திறந்து வைப்பது, மலைமேல் லைனை நம்புவது

வெளியிலிருக்கும் சி.ஆர்.எம். நேராக டேலியைத் தொட வேண்டும் என்று ரவுட்டரில் 9000 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவதைச் சில இடங்களில் பார்க்க முடிகிறது. கடையின் சாவியைப் பூட்டிலேயே விட்டுப்போவதும் இதுவும் ஒன்று. டேலி இருக்கும் கணினியில் ஒரு சிறு நிரலை ஓட விட்டு, அது உள்ளிருந்து வெளியே போய் வேலை இருக்கிறதா என்று கேட்கும்படி அமையுங்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் வழியே தேவைப்படாது.

ஏற்காட்டில் இந்த நிரலுக்குக் கூடுதல் பொறுப்பு. வடகிழக்குப் பருவமழையில் மின்னலும் மரம் விழுவதும் சேர்ந்து கரண்டையும் லைனையும் மணிக்கணக்கில் எடுத்துவிடும்; காபிப் பழம் பறிக்கத் தொடங்கும் காலமும் அதுவே. அனுப்ப வேண்டியதை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தால் கரண்டோடு அதுவும் போகும். கணினியின் வன்வட்டில் எழுதிய பிறகே அனுப்ப வேண்டும். கணினி திரும்ப எழுந்ததும் நிரலும் டேலியும் தானாகத் திறக்க வேண்டும், சரியான கம்பெனியும் ஏற்றப்பட வேண்டும். லைன் வந்ததும் தேங்கியது மொத்தத்தையும் ஒரே மூச்சில் தள்ளாமல், நேர வரிசையில் சிறு சிறு தொகுப்பாக விடுங்கள். சி.ஆர்.எம்.மில் பாக்கிக்குப் பக்கத்தில் "கடைசியாகப் புதுப்பித்த நேரம்" தெரிய வேண்டும். மூன்று மணி நேரப் பழைய பாக்கி என்று தெரிந்தால் சேல்ஸ் ஆள் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்.

ஒப்பிடாமல் விடுவது

சோதனைக்கு டேலியின் எஜுகேஷனல் முறையை (உரிமம் வாங்காமல் பழகிப் பார்ப்பதற்கானது) பயன்படுத்தினால் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே பதிவு ஏறும். மற்ற தேதிகள் மறுக்கப்படுவதைப் பார்த்து நிரலில் பிழை தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உண்மைக் கணக்கில் முதல் இரண்டு வாரம் படிக்க மட்டும் விடுங்கள், எழுத விடாதீர்கள்.

பிறகு தினமும் கடை சாத்தும் முன், அன்றைய இன்வாய்ஸ் எண்ணிக்கை, மொத்தத் தொகை, ரசீது மொத்தம் ஆகிய மூன்றையும் இரு பக்கமும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை பில் எண்ணோடு பட்டியலிட வேண்டும். அன்றைக்கு மட்டும் பார்த்தால் போதாது. போன மாதப் பில்லை இன்று யாராவது அழித்திருக்கலாம். எனவே வாரம் ஒருமுறை நிதியாண்டின் தொடக்கத்திலிருந்து வவுச்சர் ஐடிகளை ஒப்பிட்டு, சி.ஆர்.எம்.மில் இருந்து டேலியில் இல்லாததைக் கண்டுபிடியுங்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தப் பதிவை நிறுத்த முடியாத மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும்; இணைப்புக்குத் தனிப் பயனர் பெயர் ஒன்றைக் கொடுத்துவிட்டால் எந்தத் திருத்தம் ஆள் செய்தது, எது நிரல் செய்தது என்று ஆடிட்டர் கேட்கும்போது அந்தப் பதிவிலிருந்தே காட்டலாம்.