குதிரையில் ஏறும் முன் பிள்ளைகளுக்கு ஒரு ஐந்து நிமிடம்

ஏப்ரல் விடுமுறை சீசனுக்கு இலங்கையின் மலைநகரான நுவரெலியா போனால், பிள்ளைகள் குதிரைச் சவாரி கேட்காமல் விடமாட்டார்கள். சரி, ஏற்றுங்கள். ஆனால் காசு கொடுத்த கையோடு தூக்கி உட்கார வைக்க வேண்டாம். வயதான குதிரைக்காரர் ஒருவரைப் பார்த்து, "ஐயா, பிள்ளைக்குக் குதிரையைக் கொஞ்சம் பழக்கிக் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். பல வருடம் குதிரையோடு வாழ்ந்தவரிடம் கற்பது பெரிய பாக்கியம்.

குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் கீழேயும் கண் தெரியாது. அதனால் இடது தோள் பக்கமாக, மெதுவாகப் பேசிக்கொண்டே கிட்டப் போக வேண்டும். முதலில் தடவ வேண்டியது கழுத்தையும் தோளையும்தான், முகத்தை அல்ல. காது பின்னால் ஒட்டிப் படுத்தால் அதற்குப் பிடிக்கவில்லை. விலகி நின்று காத்திருக்க வேண்டும். கத்தி அடம்பிடிக்கும் பிள்ளைகூட இங்கே தானாகவே குரலைத் தாழ்த்தும்.

குதிரைக்காரர் சம்மதித்தால் குதிரைக்குக் கரட் கொடுக்கலாம். வட்டமாக வெட்டினால் தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் கீறி, விரல்களைச் சேர்த்து விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், செருப்பு வேண்டாம், சப்பாத்து. தலைக்கவசம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.