பயணப் படிவத்தில் ஏறுவது எங்கே, புறப்படுவது எப்போது?

என் முதல் வெளிநாட்டுப் பயணத்தில், விமானம் தரையிறங்கும் முன் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். அதில் ‘எம்பார்கேஷன்’ என்று ஒரு கட்டம். எம்பசி சம்பந்தப்பட்டதாக்கும் என்று விசா எண்ணை எழுதி வைத்தேன். கவுண்டரில் புது அட்டையைக் கொடுத்து, வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள்.

முதலில் தலைப்பைப் பாருங்கள். வருகைப் படிவமா, புறப்பாட்டுப் படிவமா? பாதிக் குழப்பம் இதிலேயே தீரும். வருகைப் படிவத்தைக் கேட்பது நீங்கள் போய் இறங்கும் நாடு. அதில் ‘டேட் ஆஃப் டிபார்ச்சர்’ என்று இருந்தால், பெரும்பாலும் அந்த நாட்டை விட்டுக் கிளம்பப் போகும் தேதி. வீட்டிலிருந்து கிளம்பிய தேதி அல்ல.

அடுத்தது எம்பார்கேஷன். ஏறுவது என்று அர்த்தம், அவ்வளவுதான். டிஸெம்பார்கேஷன் என்றால் இறங்குவது. இரண்டும் கப்பல் காலத்துச் சொற்கள். ஆகாயத்தில் வந்தவரிடமும் ‘போர்ட்’ எது என்று கேட்பது அதனால்தான். பாரிஸில் ஏறி, தோஹாவில் விமானம் மாறி, பாங்காக்கில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறிய இடமாக தோஹாவை எழுத வேண்டும். விமான எண்ணும் தோஹாவில் ஏறியதன் எண்தான். சிங்கப்பூரின் வருகைப் படிவம் ‘சிங்கப்பூருக்கு முந்தைய நகரம்’ என்றே கேட்டுவிடுகிறது, புண்ணியமாகப் போகட்டும்.

சரி, போர்டிங் பாஸுக்கு வருவோம். ‘போர்டிங் டைம்’ என்பது ஏற ஆரம்பிக்கும் நேரம். ‘டிபார்ச்சர் டைம்’ என்பது விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகரும் நேரம். ஓடுபாதையிலிருந்து எழும்பும் நேரம்கூட இல்லை. டிபார்ச்சர் நேரத்துக்கு 15, 20 நிமிடம் முன்பே பல நிறுவனங்கள் கேட்டை மூடிவிடும். ஆகவே மனதில் வைக்க வேண்டியது போர்டிங் நேரம்தான்.

நிறையப் பேர் விமானத்தைக் கோட்டை விடுவது நள்ளிரவுக் கணக்கில். 15-ஆம் தேதி 00:10 என்று டிக்கெட்டில் இருந்தால், 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு சாவகாசமாகப் போனால், விமானம் போய்க் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருக்கும். படிவத்தில் எழுதும்போது மட்டும் 15 என்றே எழுதுங்கள்.

டிக்கெட்டில் உள்ள நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் ‘+1’ என்று இருந்தால், மறுநாள் போய்ச் சேருவீர்கள் என்று அர்த்தம். அப்புறம், தேதியை எழுதும் முன் நாள் முதலிலா, மாதம் முதலிலா என்று கட்டத்தைப் பாருங்கள். அமெரிக்க வழக்கில் மாதம்தான் முன்னால் வரும்.

கடைசியாக, பிஎன்ஆர் வேறு, விமான எண் வேறு. பிஎன்ஆர் என்பது பெரும்பாலும் எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த, மொத்தம் ஆறு இடம் கொண்ட முன்பதிவுக் குறியீடு. விமான எண் என்பது நிறுவனத்தின் இரண்டு இடக் குறியீடும் (இரண்டும் எழுத்தாகவோ, ஒன்று இலக்கமாகவோ இருக்கும்) அதன் பின்னால் வரும் எண்ணும். போர்டிங் பாஸைக் கைப்பையில் போட்டு மேலே வைத்துவிடாதீர்கள். அட்டை நிரப்பும் நேரம் பார்த்து சீட் பெல்ட் விளக்கு எரியும்.