சட்டமன்றச் சண்டையைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சட்டமன்றம் கூடும் நாட்களில் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு கேள்வி கட்டாயம் காதில் விழும்: "இப்படிச் சண்ட போடதுக்கா நாம ஓட்டு போட்டோம்?" விதியைப் பற்றிய தகராறு என்றாலே வெட்டிச் சண்டை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இருக்கிற தவறுகளில் பெரியது இதுதான். எந்த விதியின் கீழ் பேசுவது என்று மோதிக்கொள்ளும்போது, பெரும்பாலும் உள்ளே கிடப்பது வேறு விஷயம்: தகவல் யார் கையில் இருக்கிறது, அதை அவைக்கு எப்போது தர வேண்டும்?

2017 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த திமுகவின் உறுப்பினர்கள், தடை செய்யப்பட்ட குட்கா கடைகளில் கிடைக்கிறது என்று காட்ட, பாக்கெட்டுகளையே பேரவைக்குள் கொண்டுவந்து தூக்கிப் பிடித்தார்கள். சபாநாயகரின் அனுமதி இல்லாமல் இப்படிக் காட்டக் கூடாது என்று விவகாரம், அவையின் உரிமை மீறப்பட்டதா என்று விசாரிக்கும் உரிமை மீறல் குழுவுக்குப் போனது. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் குழு உறுப்பினர்களுக்கு அனுப்பிய நோட்டீஸ்களை ரத்து செய்தது. பிறகு புது நோட்டீஸ், மறுபடி வழக்கு என்று இழுத்தது. அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்பது சரிதான். கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டாமா?

அடுத்த தவறு, 110 அறிவிப்பை நம்பி வெடி போடுவது. பேரவை விதி 110-இன் கீழ், பொது முக்கியத்துவம் உள்ள ஒரு விஷயம் பற்றி அமைச்சர் அறிக்கை வாசிக்கலாம். அதன் மேல் விவாதம் கிடையாது. ஜெயலலிதா முதல்வராக இருந்த காலத்தில் அடுக்கடுக்காக வந்த அறிவிப்புகளால் இந்த எண் ஊரெல்லாம் பிரபலமானது. விவாதம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? நிதி எங்கிருந்து வரும், எந்த ஆண்டு முடியும் என்று அந்த இடத்திலேயே யாரும் மடக்க முடியாது. அறிவிப்பு வந்த மறுநாளே நம் ஊரில் பேனர் ஏறிவிடும். பேனர் கட்டுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, கயிறு விற்கிறவருக்காவது பிழைப்பு நடக்கிறது. ஆனால் உண்மையான விவரம், துறை துறையாகச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில்தான் வரும். அப்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் தரும், இணையத்திலும் கிடைக்கும். எவ்வளவு வேலை முடிந்தது, எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் பணி தொடங்கியது; 2025 பிப்ரவரியில்தான் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 369 கோடி ரூபாய் என்று ஆரம்பித்த மதிப்பீடு ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. கன்னடியன் கால்வாயிலிருந்து திசையன்விளைப் பக்கத்துத் தேரி என்னும் செம்மணல் காடு வரை வெள்ளநீரைக் கொண்டுபோகும் திட்டம் அது. நடுவில் கிடந்த அத்தனை வருடமும் நம் ஆட்கள் கேட்டது "எப்போ முடியும்?" என்றுதான். அதற்கு "விரைவில்" என்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். "இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கீடு, நிலம் எடுப்பதில் எத்தனை ஏக்கர் பாக்கி?" என்று கேட்டால் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும்.

சபாநாயகர் விஷயத்துக்கு வருவோம். இதில் நெல்லைக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. 1962-இல் சபாநாயகரான செல்லப்பாண்டியனும், 1985-இல் வந்த பி.எச். பாண்டியனும் சேரன்மகாதேவித் தொகுதிக்காரர்கள். 2006-இல் அம்பாசமுத்திரம் ஆவுடையப்பன், 2021-இல் ராதாபுரம் அப்பாவு. சபாநாயகருக்கு "வானளாவிய அதிகாரம்" என்று பி.எச். பாண்டியன் சொன்னது இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. அவர் காலத்தில், 1987-இல், அட்டையில் வந்த ஒரு கேலிச் சித்திரத்துக்காக வார இதழ் ஆசிரியர் ஒருவருக்குப் பேரவை மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். வானம் வரைக்கும் போகிற அதிகாரமெல்லாம் கிடையாது. அரசியல் சட்டப் பிரிவு 212-இன்படி, நடைமுறையில் பிசகு என்ற காரணத்தை மட்டும் வைத்துப் பேரவை நடவடிக்கையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அரசியல் சட்டத்துக்கே முரண் என்றால் கேட்கலாம் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே எல்லாம் சபாநாயகர் இஷ்டம் என்பதும் தவறு, எதற்கெடுத்தாலும் "கோர்ட்டுக்குப் போவோம்" என்பதும் தவறு.

ஒழுங்குப் பிரச்சினை என்று ஒருவர் எழுந்தால் அவர் கருத்துச் சொல்ல எழுந்ததாக நினைக்கிறோம். அது, நடந்துகொண்டிருக்கும் அலுவலில் விதி மீறப்படுகிறது என்று சுட்டிக்காட்ட மட்டும்தான். குறுக்கே புகுந்து பேசுவதற்கு அதைச் சாக்காக வைப்பது எல்லாக் கட்சியிலும் உண்டு.

வாட்ஸ்ஆப் வீடியோ விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. அதை வெட்டி ஒட்டி அனுப்புவது சுலபமாகிவிட்டது. அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பேச்சைத் தெரிந்தே வெளியிடுவது உரிமை மீறலாகலாம். 1950-களின் கடைசியில் பீகார் பத்திரிகை ஒன்று அப்படி மாட்டிக்கொண்டு, உச்ச நீதிமன்றம் வரை போயும் தப்ப முடியவில்லை.

அறிக்கைகள் தாமதமாவதைப் பேசும்போதும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். விசாரணை ஆணைய அறிக்கைக்குக் கெடு உண்டு. 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசின் கையில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு அவையில் வைக்க வேண்டும். தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு பற்றிய அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 மே மாதம் அரசிடம் வந்தது, அக்டோபரில் அவைக்கு வந்தது. கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்று பிரிவு 151 சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் கொண்டுவந்து வைத்தால் விவாதிக்க நேரம் ஏது? முதல் வகையில் "கெடு தாண்டிவிட்டது" என்று சட்டத்தைக் காட்டலாம். இரண்டாவதில் "ஏன் கடைசி நாள்?" என்று அரசியலாகத்தான் கேட்க முடியும்.

கடைசியாக, மனு. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வராமல் மடை அடைத்துக் கிடக்கிறது என்று எம்.எல்.ஏ.விடம் போகிறவர்கள், பேரவை கூடிய பிறகுதான் போகிறார்கள். கேள்விக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மக்களவையில் அது குறைந்தது 15 நாள். கேள்வி நேரம் முடிந்ததும் அவசர விஷயங்களை எழுப்பும் நேரமில்லா நேரத்தில் ஆவேசமாகப் பேசினால் டிவியில் வரும், ஆனால் பதில் வந்தே தீரும் என்று இல்லை. நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகப் போனால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விக்கும் இடம் உண்டு. கால்வாயின் பெயர், எந்த மடை, கடைசியாக எந்த ஆண்டு தூர்வாரினார்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.