டார்டன் கம்பளித் துணி வாங்குமுன்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டார்டன் எனும் பலநிறக் கட்டமிட்ட கம்பளிச் சால்வை வாங்குவோர் முதலில் துணியைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. நிறநூல்களால் நெய்யப்பட்டதெனில் கட்டங்கள் இரு புறமும் ஒரே தெளிவுடன் இருக்கும், நிறங்கள் குறுக்கிடும் இடத்தில் மெல்லிய சாய்கோடுகளும் தெரியும். ஒவ்வொரு கட்ட வடிவமும் பழங்காலந்தொட்டே ஒரு குலத்துக்குரியது என்று கடைக்காரர் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மலைநாட்டு ஆடவர் உடைமீதான 1746ஆம் ஆண்டுத் தடை 1782இல் நீங்கி, 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்த காலத்தையொட்டியே குலத்துக்கொரு வடிவம் என்னும் வழக்கம் பரவலாக வேரூன்றியது. வடிவத்தின் பெயரை ஸ்காட்லாந்து டார்டன் பதிவேட்டின் இணையதளத்தில் தேடிச் சரிபார்க்கலாம். குலத் தொடர்பு இல்லாதவர் அணியச் சட்டத் தடை ஏதுமில்லை. தயக்கமிருப்பின், கரும்பச்சையும் நீலமும் கலந்த பிளாக் வாட்ச் வடிவம் எவருக்கும் பொருந்தும், அரச குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்ட பால்மோரல் வடிவத்தை மட்டும் தவிர்ப்பது மரபு.