வயதான நாயின் பல்லும் ஈறும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதான நாயோடு கிளினிக்குக்கு வருபவர்கள் புதுப்புது ஆட்கள். ஆனால் அவர்கள் செய்துவிட்டு வரும் தவறுகள் வருடக்கணக்காக நான் பார்த்துவருகிறவைதான். இனிப்பு கொடுக்கக் கூடாது, வாயைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மயக்க மருந்து இல்லாமல் சுரண்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும். “வயசாயிடுச்சு டாக்டர், மயக்க மருந்து தாங்காது” என்று பயந்து, நாயை அமுக்கிப் பிடித்துக் காறையை (பல்லில் கல்போல இறுகிப்போன அழுக்கை) சுரண்டிவிடும் இடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். செலவு குறைவு, பல்லும் பளிச்சென்று ஆகிவிடும்.

ஆனால் ஈறு நோய் வெளியே தெரியும் பல்லில் நடப்பதில்லை. ஈறுக்கு அடியில், வேரைப் பிடித்திருக்கும் எலும்பில் நடக்கிறது. விழித்திருக்கும் எந்த நாயும் அங்கே கருவியை விட அனுமதிக்காது. போதாக்குறைக்கு, சுரண்டிய பல்லை பாலிஷ் செய்யாமல் விட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, அழுக்கு முன்பைவிட வேகமாகப் படியும். படிந்த அழுக்கு இரண்டு மூன்று நாளில் காறையாக இறுகத் தொடங்கிவிடும்.

இப்படிச் சுரண்டிவிட்ட ஒரு பொமரேனியனை 12 வயதில் கொண்டுவந்தார்கள். வந்தது பல்லுக்காக இல்லை, தும்மலுக்காக. சளி என்று நினைத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கும்போது குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். பல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மயக்க மருந்து கொடுத்து, மேல் கோரைப்பல்லின் உட்பக்கத்தில், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கின் ஆழத்தை அளக்கும் கம்பியை விட்டேன். நல்ல ஈறாக இருந்தால் அந்தச் சின்ன நாய்க்கு ஓரிரு மில்லிமீட்டரில் நின்றிருக்க வேண்டும். கம்பி போய்க்கொண்டே இருந்தது. அதே பக்க மூக்குத்துளையில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப்பார்த்தது. வேருக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய எலும்பு அரித்துப்போய், வாய்க்கும் மூக்குக்கும் வழி விழுந்திருந்தது. பல்லை எடுத்து, ஈற்றை இழுத்து ஓட்டையைத் தைக்க வேண்டியதாயிற்று. பல் அழுக்காகவே இருந்திருந்தால் யாராவது முன்பே சந்தேகப்பட்டிருப்பார்கள். அந்த வெள்ளைதான் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது.

மயக்க மருந்தில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிவு செய்ய வேண்டியது வயதை வைத்து இல்லை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கின்றன என்பதை வைத்து. ரத்தப் பரிசோதனை உண்டா, மூச்சுக்குழாயில் டியூப் போடுவார்களா, டிரிப் ஏற்றுவார்களா, பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த டியூப் மயக்க வாயு கொடுப்பதற்கு மட்டும் இல்லை. கழுவும் தண்ணீரும் காறைத் துகளும் நுரையீரலுக்குள் போகாமல் தடுப்பதும் அதுதான்.

“நல்லாத்தானே சாப்பிடுது”

சாப்பிடும். வலியோடுதான் சாப்பிடும். ஒரு பக்கமாக மெல்லுகிறதா, கவ்விய பிஸ்கட்டைக் கீழே போட்டு மறுபடி எடுக்கிறதா, மெல்லாமல் அப்படியே விழுங்குகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். கண்ணுக்குக் கீழே திடீரென்று வீங்கினால் பூச்சிக்கடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டினாலும் அந்த இடம்தான் வீங்கும்.

வாய் நாற்றம்

வயசானால் அப்படித்தான் என்று விடாதீர்கள். பெரும்பாலும் ஈறுதான், சில சமயம் சிறுநீரகம், சில சமயம் வாய்க்குள் கட்டி.

எலும்பு

வேண்டாம். நகத்தால் அழுத்தினால் பதியாத எதுவும் வேண்டாம், பல் பிளந்துவிடும்.

நம் பேஸ்ட்

கூடவே கூடாது. நாய் துப்பாது, விழுங்கிவிடும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்திருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

புண்ணான ஈற்றில் பிரஷ்

வீடியோ பார்த்த ஆர்வத்தில் அன்றைக்கே பிரஷ்ஷோடு இறங்குகிறார்கள். ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் வரும் வாயில் தேய்த்தால் நாய்க்கு உயிர் போகும் வலி. அப்புறம் வாயைத் தொடவே விடாது. முதலில் டாக்டரிடம் காட்டிச் சிகிச்சை முடியட்டும், புண் ஆறட்டும். பிறகு விரலில் ஈரத் துணியைச் சுற்றி, உதட்டை லேசாகத் தூக்கி, கன்னத்துப் பக்கம் மட்டும் தேயுங்கள். காறை அதிகம் சேருவது அங்கேதான். நாக்குப் பக்கம் தேய்க்க வாயை நெம்பித் திறக்க வேண்டியதில்லை.