ஐரிஷ்காரர்களின் புலம்பெயர்வு: எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

அயர்லாந்தை விட்டுப் போனவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும்: உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது, பஞ்சம் வந்தது, மக்கள் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். 1845 முதல் 1852 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்ததும், அதற்கும் மேற்பட்டோர் வெளியேறியதும் உண்மை. ஆனால் கதையை அங்கிருந்து தொடங்குவதுதான் முதல் தவறு.

ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1691இல் அயர்லாந்தின் லிமரிக் நகரில் போரை முடித்துவைத்த உடன்படிக்கை கையெழுத்தானதும், அரியணை இழந்த இங்கிலாந்தின் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் பக்கம் போரிட்ட ஆயிரக்கணக்கான ஐரிஷ் வீரர்கள் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அங்கேயே படையில் சேர்ந்தார்கள். நாம் பள்ளியில் படித்த வந்தவாசிப் போரையே (1760) எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுத் தளபதி லாலி, அப்படி நாடு விட்டுப் போன ஓர் ஐரிஷ்காரரின் மகன். அவர் பெயரில் ஓர் ஐரிஷ் படைப்பிரிவே இருந்தது. சரி, எதிரில் கம்பெனிப் படையை நடத்திய அயர் கூட்? அவரும் லிமரிக் பக்கத்துக்காரர்தான், புராட்டஸ்டன்ட் குடும்பம். ஆக, ஐரிஷ்காரர் என்றாலே கத்தோலிக்கர், பிரிட்டனின் எதிரி என்று எழுதிவிட முடியாது. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ்காரர்களில் பெரும்பகுதியினர் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரைச் சேர்ந்த பிரெஸ்பிட்டீரியர்கள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர்.

ஆப்பிரிக்கர்களைப் போலவே ஐரிஷ்காரர்களும் அடிமைகளாக இருந்தார்கள் என்று இணையத்தில் சுற்றும் 'ஐரிஷ் அடிமைகள்' கதை இன்னும் மோசம். அயர்லாந்தின் மீது படையெடுத்து அடக்கிய இங்கிலாந்துத் தலைவர் குரோம்வெல் காலத்தில் (1650கள்) பலரைப் பிடித்து கரீபியத் தீவான பார்படோஸுக்கு அனுப்பியது நடந்ததுதான், கொடுமைதான். ஆனால் அவர்களுக்கு இத்தனை ஆண்டு உழைப்பு என்று ஒரு கெடு இருந்தது. அந்த நிலை பிள்ளைகளைத் தொடரவில்லை. ஆப்பிரிக்கர்களுக்கோ அடிமைத்தனம் பிறப்பிலேயே வந்தது. அதே கரீபியப் பகுதியிலுள்ள மான்ட்செராட் தீவில் ஐரிஷ்காரர்களே அடிமைகளை வைத்திருந்தார்கள். 1768இல் அங்கிருந்த அடிமைகள் கிளர்ச்சிக்கு நாள் குறித்தது மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள். எஜமானர்கள் கொண்டாட்டத்தில் மூழ்கியிருப்பார்கள் என்ற கணக்கு. திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டுத் தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். இன்று அந்தத் தீவில் அந்த நாள் பொது விடுமுறை. அந்தக் கிளர்ச்சியையும் சேர்த்தே நினைவுகூர்கிறார்கள். ஐரிஷ் பெருமை பேசும் கட்டுரைகளில் இது அபூர்வமாகவே தலைகாட்டும்.

சின்னப் பிழை ஒன்று: பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களை நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் இறக்கிவிடாதீர்கள். அந்தக் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892இல்தான். திறந்த அன்று முதலில் பதிவானவர் கார்க் நகரிலிருந்து வந்த ஆனி மூர் என்ற பெண் என்பதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம்.

அப்புறம், எல்லோரையும் அமெரிக்காவுக்கே அனுப்பிவைக்கும் பழக்கம். வெஸ்ட்மீத், லாங்ஃபோர்டு பகுதிகளிலிருந்து அர்ஜென்டினா போய் ஆட்டுப்பண்ணை வைத்தவர்கள் உண்டு. 1950களில் வேலை தேடிக் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் போனது பக்கத்திலிருந்த பிரிட்டனுக்கு: ஆண்களில் பலர் கட்டட வேலைக்கு, பெண்களில் பலர் மருத்துவமனைகளில் நர்ஸ் வேலைக்கு. 1691இல் போனவர்களோடு சேர்த்து இவர்களையும் 'நாடு கடத்தப்பட்டவர்கள்' என்று எழுதினால் பொருந்தாது. இவர்கள் விடுமுறைக்குக் கப்பலேறி ஊருக்கு வந்துபோக முடிந்தவர்கள்.